ஒட்டாதது

திருக்கோவில் ஆஸ்பத்திரியில்
மருந்து கட்டுற அறைக்கு ஒரே ஜன்னல்.
கச்சான் வீசினால் வயல் தூசி வரும்,
ஏழரைக்கே சாத்திவிடுவேன்.
பிறகு உள்ளே
புண்ணும் நானும் ஒரு முனகும் மின்விசிறியும்.

அலுமாரி மேல்தட்டில் கோஸ். எப்போதும் கோஸ்.
கீழே, பரஃபின் பூசிய வலைத்துணி கொஞ்சம்,
கடற்பாசியில் செய்தது ஒன்பது,
கரி வைத்தது நாலு.
அடுத்த பெட்டி எப்போ வரும் என்று
ஸ்டோர் நிஸ்தாருக்கும் தெரியாது.

ஆதம்பாவா காலை நீட்டுகிறார்.
சாகாமத்து வயல்களில் உழவு மெஷின் ஓட்டுகிறவர்.
சீனி வருத்தம் பெருவிரலைத் தின்னத் தொடங்கிப்
பதினொரு மாதம்.
"காத்துப் படவிட்டா காயும்தானே மிஸ்ஸி?"
காயும்.
காய்ந்த வயலில் என்ன முளைக்கும், சொல்லுங்க போடியார்?
சிரிக்கிறார். காணி இல்லாத மனிதர்,
போடியார் என்றால் பிடிக்கும்.
அவருடைய புண் ஊற்றுக்கண்,
எத்தனை மடிப்பு கோஸ் வைத்தாலும்
விடியுமுன் செருப்புவரை நனைக்கும்.
ஆகவே கடற்பாசி:
குடித்துக் குடித்துத் தானே கூழாகிற துணி.

பவிதரனுக்கு ஐந்து வயது. சுடுகஞ்சி கொட்டின முழங்கை.
வீட்டில் பற்பசை பூசி
வேட்டித் துண்டால் சுற்றியிருந்தார்கள்.
துண்டும் தோலும் இப்போது ஒரே பொருள்.
உரிப்பது ஒரு நிமிட வேலை.
உரிக்காமல் எடுக்க அரை மணி,
ஒரு போத்தல் சேலைன்,
அவன் சொல்லும் முழுக் கதையும் கேட்கிற காது.
(ஆமைக்குப் பல் முளைத்த கதை.)
பயிற்சிக் காலத்தில் நானும் உரித்தவள்தான்.
ஒருவர் என் பேரைக் கேட்டார்,
சாபம் விலாசம் மாறிப் போகக்கூடாது என்று.

தவமலர் எப்போதும் கடைசி.
வெளியே வாங்கின் விளிம்பில் இருப்பாள்.
காற்று யாரிடமிருந்து யாருக்குப் போகிறதென்று பார்த்து
இடம் மாறிக்கொண்டேயிருப்பாள்.
இடது மார்பு.
மகரகம போய் வந்து தடித்த கோப்பு,
கடைசித் தாளில் மட்டும் ஒரே வரி.
"ஆறாது எண்டு தெரியும் மிஸ்ஸி.
விடிய இடியப்பம் வாங்க வாறவன் மூக்கைப் பொத்துறான்.
அத மட்டும் ஏதும் செய்ய ஏலுமா?"

ஆழம் எவ்வளவு, கசிவு எவ்வளவு,
விளிம்பு சிவப்பா கறுப்பா
என்று கேட்கப் பழகிய வாய் எனக்கு.
எதற்காகக் கட்டுகிறோம் என்று
அவள்தான் கேட்டாள்.

டொக்டரிடம் கேட்டுவந்து
விழுங்கக் கொடுக்கிற மாத்திரையை இடித்தேன்,
மாவாகும்வரை.
இடிக்கிற சத்தத்துக்கு அவள் தலை ஆட்டினாள்,
அரிசி பதம் பார்க்கிறவள் மாதிரி.
தூவி, மேலே ஒட்டாத வலை,
அதற்கு மேலே கரி.
நாலில் ஒன்று.

ஆதம்பாவாவின் விரலும் மணக்கிறதுதான்.
அவர் கேட்கவில்லை.
கேட்காதவருக்கு இல்லை என்று நானே தீர்த்தேன்,
சரியா பிழையா,
இரவு கைகழுவும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தவமலர்
வாங்கின் நடுவில் இருந்தாள்.
அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி.
"நூத்தியிருவது இடியப்பம் போச்சு மிஸ்ஸி!"
கட்டை அவிழ்த்து அளந்தேன்.
போன முறை ஏழு சென்ரிமீற்றர்.
இன்று எட்டு.
புதிதாக ஒன்று கட்டினேன்.

என் கொப்பியில் நானே கோடு போட்ட நாலு நிரல்:
பேர், அளவு, கட்டு, ஆறுதல்.
பவிதரனுக்கு 'நல்லது' என்று எழுதினேன்.
ஆதம்பாவாவுக்கு 'மெல்ல'.
அவளுக்கு எட்டு என்று எழுதி, கரி என்று எழுதி,
கடைசி நிரலில் பேனை முனை
ஒரு பொட்டளவு மை கசியும்வரை நின்றது.
'உண்டு' என்று எழுதினேன்.

அலுமாரியில் கரி இன்னும் இரண்டு.
நிஸ்தாருக்குத் திரும்பவும் போன் எடுக்கவேண்டும்.